வானத்திற்குப் படிக்கட்டு வேண்டா

விழா மலருக்குக் கட்டுரை கேட்கும்போது, கல்லூரியின் பழம்பெருமை, ஆசிரியர்தம் அருங்குணம், விளையாட்டுத் துறையின் வெற்றி என்பனவே பெரும்பாலும் எதிர்பார்க்கப்படும். அவற்றை எழுதவல்ல மூத்தோர் பலர் நம்மிடை உளர். யான் எடுத்துக்கொண்டதோ மிகச் சிறிய பொருள். நிலக்காட்சிப் படங்களைக் கணினியில் திருத்தும்போது, வானம் இருக்கவேண்டிய இடத்திலே பட்டை பட்டையாக நிறங்கள் பிரிந்து கிடத்தல் பற்றியது அது. படமெடுப்போர் இதனைப் 'பாண்டிங்' என்பர். யான் நிறப்பட்டை என்றே கூறுவேன். இது கமராப் பித்தர் சிலரின் கவலையன்றோ என அன்பர்கள் முறுவலிக்கலாம். ஆயினும் இம்மலரிலும் இனி வரும் மலர்களிலும் இடம்பெறும் படங்களையும் தொடுகின்ற பொருள் இது. ஆதலின் சற்றே பொறுத்துப் படிக்குமாறு வேண்டுகின்றேன்.

என் பிழையிலிருந்தே தொடங்குதல் முறை. சில ஆண்டுகளின் முன், ஒரு மாசி மாலையில், பண்ணைப் பாலத்தருகே நின்று படம் ஒன்று எடுத்தேன். ஞாயிறு மறைந்துவிட்டது. கடல்நீரேரியின் மேலே செம்மஞ்சள். அதன் மேலே வெளிர்மஞ்சள். அதற்கும் மேலே பச்சையென்றும் நீலமென்றும் பெயரிட இயலாத ஒரு நிறம். உச்சியிலே ஆழ்ந்த நீலம். முகில் ஒன்றும் இல்லை. வீடு சென்று படத்தைக் கணினியில் இட்டேன். நீலம் போதாது என்று தோன்றியது, கூட்டினேன். ஒளிவேறுபாட்டையும் கூட்டினேன். வானத்திலே மணற்பொடி தூவியதுபோல் நுண்ணிய குறுணை தெரிந்தது. அதனை அறவே துடைத்தேன். சேமித்தேன். மறுநாள் அதே கோப்பைத் திறந்து மீண்டும் திருத்தினேன். இவ்வாறு நான்கைந்து முறை நிகழ்ந்தது.

என் தமக்கையார் புதுமனை புகுந்தபோது, அப்படத்தை மூன்றடி அகலத்தில் அச்சிட்டுச் சட்டமிட்டு அன்பளிப்பாகக் கொடுத்தேன். சுவரில் மாட்டியாயிற்று. வந்தோர் பாராட்டினர். தமக்கையின் சிறுமகன் மட்டும் அதனை நெடுநேரம் உற்றுநோக்கிவிட்டு, "மாமா, ஏன் வானத்துக்குப் படிக்கட்டு வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டான். "அது முகில், ராசா," என்று கூறித் தமக்கையார் என்னைக் காக்க முயன்றார். முகிலற்ற வானம் அது என்பதை யான் அறிவேன். சிறுவன் சொன்னதே மெய். மெல்ல மெல்ல மாறவேண்டிய நிறங்கள் கால் அங்குல அகலப் பட்டைகளாய், விளிம்பு தெரியப் படிந்து கிடந்தன. மூலக்கோப்பைத் தேடினேன்; அதன்மேலேயே திருத்திச் சேமித்துவந்தமையால் மூலம் என்று ஒன்று இல்லாது போயிற்று. இன்றும் அப்படம் அவ்வீட்டில் உள்ளது. அங்குச் செல்லும்போதெல்லாம் அதற்கு முதுகு காட்டியே அமர்கின்றேன்.

இப்பிழை ஏன் வானத்திலே நேர்கின்றது? மரத்திலும் மண்ணிலும் கோபுரத்திலும் ஏன் நேர்வதில்லை? காற்றிலுள்ள நுண்மூலக்கூறுகள் குறுகிய அலைநீளமுடைய நீல ஒளியை, நீண்ட அலைநீளமுடைய செவ்வொளியினும் பன்மடங்கு மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. இச்சிதறல் அலைநீளத்தின் நான்காம் படிக்கு நேர்மாறானது என்பதை 1871ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் இறேலி விளக்கினார். உச்சியிலிருந்து வரும் ஒளி சிறிதளவு காற்றையே கடந்து வருகின்றது; அடிவானத்திலிருந்து வருவதோ பன்மடங்கு காற்றைக் கடந்து வருகின்றது. ஆதலின் உச்சி ஆழ்நீலமாகவும் அடிவானம் வெளிறியும் தோன்றும். இவ்விரண்டுக்கும் இடையே எல்லைக்கோடு எங்கும் இல்லை. மரத்தில் இலையும் நிழலும் கலந்து கிடப்பதால் நிறத்தின் சிறு குறைபாடு அதனுள் மறைந்துபோகும். வானத்திலோ அது மறைவதற்கு இடமே இல்லை.

அன்றியும், நம் குடாநாடு மலையற்ற சமநிலம். காரைநகர்க் கடற்கரையில் நின்றாலும், மணற்காட்டு மணற்குன்றுகளில் நின்றாலும், வயல்வெளியில் நின்றாலும், படத்தின் பெரும்பகுதியை வானமே பிடித்துக்கொள்ளும். கீழே பனந்தோப்பு ஒரு மெல்லிய கரைபோலத் தோன்றும். நம்மவர் எடுக்கும் நிலக்காட்சிப் படம் பாதிக்கு மேல் வானப்படமே. ஆகவே இப்பிழை பிறரினும் நமக்கே மிகுதியாக உரியது.

இனிக் கணக்கிற்கு வருவோம். சாதாரண ஜேபெக் கோப்பு 1992ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட முறையைச் சார்ந்தது. அது சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒவ்வொரு நிறத்தையும் 8 பிட் அளவில் குறிக்கும். அஃதாவது ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1 கோடி 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள் கிடைக்கும். இத்துணை நிறம் இருந்தும் வானத்துக்குப் போதாமை எங்ஙனம் என்று கேட்பீர்கள். வானம் அந்நிறங்கள் அனைத்தையும் பயன்படுத்துவதில்லை. மிகச் சிறிய ஒரு பகுதியையே பயன்படுத்துகின்றது. 6,000 பிக்சல் அகலமும் 4,000 பிக்சல் உயரமும் உடைய படத்தில், வானம் 2,400 வரிசைகளைப் பிடித்துள்ளது என்று கொள்வோம். உச்சி முதல் அடிவானம் வரை ஒரு நிறம் 60 படிகளே மாறுகின்றது என்றும் கொள்வோம். ஒவ்வொரு படிக்கும் 40 வரிசைகள் கிடைக்கும். இந்நிலையில் அடுத்தடுத்த படிகளின் வேறுபாடு மிகச் சிறிது. கண் பெரும்பாலும் அதனைப் பொறுத்துக்கொள்ளும். யாம் ஒளிவேறுபாட்டை இருமடங்காக்கும்போது நிகழ்வது யாது? 60 படிகள் 120 ஆவதில்லை. அதே 60 படிகள் இருமடங்கு இடைவெளியுடன் நிற்கின்றன. படியின் அகலம் குறையவில்லை, உயரமே இரட்டித்தது. மூன்று நிறங்களும் வெவ்வேறு இடங்களில் படியேறுவதால், பட்டைகளின் ஓரத்தில் இளஞ்சிவப்பும் பச்சையும் தலைகாட்டும். என் தமக்கையார் வீட்டுச் சுவரில் நேர்ந்தது இதுவே.

இசையறிந்தோர்க்கு வேறு விதமாகக் கூறலாம். நாகசுரத்திலே ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்திற்கு வழுக்கிச் செல்லலாம். கமகம் பிறப்பது அங்ஙனமே. ஆர்மோனியத்திலோ கட்டைகளுக்கு இடைப்பட்ட ஒலி இல்லை. வானம் கமகம் போன்றது. 256 கட்டைகளில் அதனை வாசிக்கத் துணிவோர் கட்டைகளின் இடைவெளியை மேலும் அகற்றுதல் ஆகாது.

கண்ணின் இயல்பும் இதற்குத் துணைபோகின்றது. வேறுபட்ட ஒளியுடைய இரு பட்டைகள் அடுத்தடுத்து நிற்குமிடத்து, அவற்றின் எல்லையைக் கண் உள்ளதினும் மிகைப்படுத்திக் காணும். 1865ஆம் ஆண்டில் ஒஸ்திரிய அறிஞர் ஏர்ன்ஸ்ட் மாக் ஆராய்ந்து கூறிய உண்மை இது. ஆகையால் கருவியளவில் அற்பமான படியும் சுவரிலே பெரும்படியாகத் தோன்றும்.

இவ்விடத்தில் என் கருத்தைத் திட்டமாகக் கூறுகின்றேன். நிறப்பட்டை என்பது கருவியின் குற்றம் அன்று. படம் பதிந்து வைத்திராத ஒன்றைப் படத்திடம் வலிந்து கேட்பதன் விளைவு. அதற்கு மருந்து பிற்காலத் திருத்தத்தில் இல்லை. முற்காப்பிலும் அடக்கத்திலுமே உண்டு. அத்துடன், யாம் அழுக்கென்று துடைத்தெறியும் அந்த நுண்குறுணையே பெரும்பாலும் வானத்தைச் சிதையாமல் காக்கின்றது.

பின்னதைக் கேட்போர் வியத்தல் கூடும். 1962ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லோறன்ஸ் றொபேட்ஸ், படங்களைக் குறைந்த பிட்டுகளில் அனுப்பும் முறைபற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். நிறங்களைப் படிகளாக வெட்டுவதற்கு முன்னர், ஒழுங்கற்ற சிறு குறுணையை வேண்டுமென்றே படத்தில் கலந்தால், பட்டைகள் மறைந்துபோவதை அவர் காட்டினார். காரணம் எளிது. குறுணை இல்லாதபோது, ஒரு படியிலிருந்து மறுபடிக்கு அனைத்துப் பிக்சல்களும் ஒரே கோட்டிலே தாவுகின்றன. குறுணை கலந்தபோது, சில முந்தியும் சில பிந்தியும் தாவுகின்றன. கோடு கலைந்து கலப்பாகின்றது. தூரத்தில் நிற்கும் கண் அக்கலப்பை இடைப்பட்ட நிறமாகவே காண்கின்றது. பழைய பிலிம் சுருளில் வெள்ளித் துகள்கள் இத்தொண்டினைத் தாமாகவே புரிந்தன. இன்றைய கமராவின் உணரியில் இயல்பாக எழும் குறுணையும் அதனையே புரிகின்றது. அதனை முற்றாகத் துடைத்து வானத்தைக் கண்ணாடிபோல் ஆக்க முயல்வோர் தம் கையாலேயே படிக்கட்டுக்கு அடித்தளம் இடுகின்றனர்.

அவ்வாறாயின் வானத்தைத் தொடவே கூடாதோ எனின், அங்ஙனம் கூறேன். வானத்தைத் திருத்துதல் கணினி வந்தபின் தோன்றிய வழக்கம் அன்று. அமெரிக்கப் படக்கலைஞர் அன்சல் அடம்ஸ் 1941ஆம் ஆண்டில் நியூ மெக்சிக்கோ மாநிலத்து எர்னாண்டஸ் என்னும் சிற்றூரில், நிலவெழும் காட்சியை ஒரே நெகற்றிவில் பதிந்தார். அதனைப் பல்லாண்டுகளாகப் பல நூறு முறை அச்சிட்டார். தொடக்கத்தில் அச்சிட்டவற்றில் வானம் வெளிறியும் முகிற்கீற்றுகளுடனும் இருந்தது. பிந்தியவற்றில் ஏறத்தாழ முழுக்கருமை ஆயிற்று. 1948ஆம் ஆண்டில் நெகற்றிவின் கீழ்ப்பகுதியை மட்டும் இரசாயன முறையால் வலுப்படுத்தினார். வானத்தின் கருமையையோ, இருட்டறையில் அச்சுத்தாளின் மேல் கூடுதலாக ஒளி விழச் செய்தே பெற்றார். ஒவ்வொரு முறையும் நெகற்றிவினின்று புதிதாகத் தொடங்கினார். அச்சிட்ட படத்தின் மேல் மறுபடியும் அச்சிடவில்லை. யான் செய்ததும் அவர் செய்ததும் இவ்விடத்திலேதான் வேறுபடுகின்றன.

இனி, செய்யத்தக்கன இவை என என் அனுபவத்தில் தெளிந்தவற்றைக் கூறுகின்றேன்.

முதலாவது, படமெடுக்கும்போதே 'றோ' எனப்படும் மூலப்பதிவைத் தெரிந்துகொள்க. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 12 பிட்டாயின் 4,096 படிகளும், 14 பிட்டாயின் 16,384 படிகளும் உண்டு. இன்று கைத்தொலைபேசிகள் பலவற்றிலும் இவ்வசதி உண்டு. இம்மூலப்பதிவில் மிக ஒளிமிக்க பகுதியே படிகளில் பாதியைப் பெறுகின்றது. இருண்ட பகுதிக்குக் கிடைப்பது சிலவே. ஆதலின் வானம் வெளுத்து அழிந்துபோகாத அளவுக்குத் தாராளமாக ஒளியை ஏற்றுப் படமெடுத்தல் நன்று. இருட்டாக எடுத்துவிட்டுப் பின்னர் வெளிச்சமாக்குதல் வறியவனிடம் வரி தண்டுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, திருத்தும் வேலை முழுவதையும் 16 பிட் நிலையிலே செய்க. 8 பிட் பாவமன்று. வேலை முடிந்தபின் அனுப்புவதற்கும் அச்சிடுவதற்கும் அது பெரும்பாலும் போதும். வேலை நடக்கும் பட்டறையாக மட்டும் அதனைக் கொள்ளற்க. இதற்குப் பெரும்பணம் வேண்டும் என்று மாணவர் அஞ்சவேண்டியதில்லை. டார்க்டேபிள், றோதெறப்பீ என்னும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இலவசமான கிம்ப் என்பதும் 2018ஆம் ஆண்டில் வெளிவந்த 2.10ஆம் பதிப்பு முதல் உயர்ந்த பிட் அளவில் வேலைசெய்ய இடமளிக்கின்றது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. 8 பிட் கோப்பை 16 பிட்டாக மாற்றுவதால் இழந்த நிறங்கள் மீளா. சிறிய கிண்ணத்து நீரைப் பெரிய குடத்தில் ஊற்றினால் நீர் பெருகுவதில்லை. இனி ஊற்றுவதற்கு இடமே பெருகும்.

மூன்றாவது, வானத்தின்மேல் கைவைக்கும்போது மெல்ல வைக்க. நிறச்செறிவையும் ஒளிவேறுபாட்டையும் மூட்டம் நீக்கும் கருவியையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுதல் வேண்டா. வானத்தை மட்டும் தெரிந்து திருத்தும்போது தெரிவின் ஓரத்தை அகலமாகக் கரையவிடுக. இயன்றவிடத்து, ஆழ்நீலம் வேண்டுவோர் பகலில் பொலரைசர் கண்ணாடியை லென்சின் முன் பொருத்தி, அந்நிறத்தை இயற்கையிடமே பெற்றுக்கொள்க.

நான்காவது, குறுணையை முற்றாகத் துடையற்க. இறுதியில் வானம் மிக வழுவழுப்பாகத் தோன்றுமாயின், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் சிறிது குறுணை சேர்க்க. முன்னரே பட்டை விழுந்த படத்துக்கும் இயன்ற மருந்து இதுவே: கோப்பை 16 பிட்டாக்கி, வானத்தை மட்டும் சிறிது மங்கச் செய்து, அதன்மேல் நுண்குறுணை தூவுதல். இது புண்ணுக்குக் கட்டுப்போடுதலே, புதுத்தோல் அன்று.

ஐந்தாவது, பட்டையைக் கண்டதும் படத்தைப் பழித்துவிடற்க. மலிவான திரைகள் சில ஒவ்வொரு நிறத்துக்கும் 64 படிகளையே உண்மையாகக் காட்டி, ஏனையவற்றைப் பாவனையால் நிரப்புகின்றன. படத்தை 100 வீத அளவில் வைத்துப் பார்க்க. வேறொரு திரையிலும் பார்க்க. ஹிஸ்டோகிராம் சீப்பின் பற்கள்போல் இடைவிட்டு நின்றால், குற்றம் கோப்பிலேயே உண்டென்று பெரும்பாலும் கொள்ளலாம். அது சீராக இருந்து, ஒரு திரையில் மட்டும் பட்டை தோன்றின், குற்றம் திரையினது.

இவற்றுக்கு எதிராக அன்பர் ஒருவர் கூறியதை மறைத்தல் முறையன்று. "இன்று எவரும் படத்தைக் கைத்தொலைபேசியிலே இரண்டு விநாடி பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகின்றனர். அனுப்பும் வழியிலும் அது மீண்டும் சுருக்கப்படுகின்றது. யாருக்காக இத்துணைப் பாடு?" என்றார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமற் போகவில்லை. இரண்டு விநாடிக்காக எடுக்கும் படத்துக்கு இவ்வளவும் வேண்டா. ஆயின், எந்தப் படம் இரண்டு விநாடிக்கு உரியது, எந்தப் படம் அறுபது ஆண்டுக்கு உரியது என்பதை எடுக்கும் நாளிலேயே எவரால் கூறமுடியும்? 1981ஆம் ஆண்டில் நம் நூல்நிலையம் எரிந்தது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது, வீட்டுப் படத்தொகுதிகளைக் கைவிட்டுச் சென்ற குடும்பங்கள் எத்தனை! இன்று ஒரு பழைய தெருவின் படமோ கேணியின் படமோ கிடைத்தால், அதனைப் பொன்போல் ஏந்துகின்றோம். எடுத்தவர் அதனை அற்பமென்றே எண்ணியிருத்தல் கூடும்.

ஆகவே நம் பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம் வைக்கின்றேன். விழாக் காலங்களில் பழைய படங்களைச் சேகரித்து, ஸ்கான் செய்து, பளிச்சென்று ஆக்கி மலரில் இடுதல் வழக்கமாகிவிட்டது. கறுப்பு வெள்ளைப் படத்தை 8 பிட்டில் ஸ்கான் செய்தால் கிடைப்பவை மொத்தமே 256 சாம்பற்படிகள். மங்கிப்போன படத்தில் அவற்றுள்ளும் சிலவே பயன்படும். அதனைப் பளிச்சென்று ஆக்கியவுடன், மண்டபத்தின் மேலுள்ள வானம் படிபடியாகப் பிளந்துவிடுகின்றது. ஆசிரியர்தம் முகத்தின் மென்னிழலும் அவ்வாறே பிளக்கின்றது. ஆதலின் இத்தகைய படங்களை 16 பிட்டில் ஸ்கான் செய்து, டிஃப் கோப்பாகச் சேமித்து, திருத்தாத நிலையிலே இருவேறு இடங்களில் வைத்தல் வேண்டும். மலருக்கு வேண்டிய திருத்தங்களைப் பிரதியிலே செய்க. மூலத்தை எவரும் தொடாதிருக்க. இன்று எமக்கு அழகாகத் தோன்றுவது நாளைய தலைமுறைக்கு அழகாகத் தோன்றாது போகலாம். அவர்கள் மீண்டும் தொடங்குவதற்கு ஒரு தொடக்கம் வேண்டுமன்றோ?

என் பண்ணைப் படத்துக்கு அத்தொடக்கம் இல்லை. அந்த மாசி மாலையை அவ்வண்ணமே மீண்டும் எடுக்க முடியாது. மருமகன் இப்போது கமரா ஒன்று வைத்திருக்கின்றான். அண்மையில் அவன் எடுத்த படம் ஒன்றைக் காட்டி, "நீலத்தைக் கொஞ்சம் கூட்டட்டோ மாமா?" என்று கேட்டான். "மூலத்தை முதலில் வேறாக வை, பிறகு கூட்டு," என்றேன். அவன் அவ்வாறே செய்தான். பின்பு நீலத்தையும் கூட்டவில்லை.